வில் போன வழி – பகுதி 17: ஒரே அறையில் இல்லாத ஐந்து பேர்

சென்ற வாரம் ஒரு மரணத்தோடு நிறுத்தியிருந்தேன். 2014 செப்ரெம்பர் 19. சென்னையில் மண்டலின் ஸ்ரீநிவாஸ் கண்ணை மூடினார். வயது 45.

'ரிமெம்பர் சக்தி' குழுவின் நெஞ்சு அவருடைய மண்டலின். அது நின்றதோடு குழுவும் ஓய்ந்தது. இனி எழும்புமா என்று கேட்டு உங்களிடம் விடைபெற்றேன்.

இந்த வாரம்தான் தொடரைக் கையில் எடுத்தவர்களுக்காக, வந்த வழியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவர் வி. லக்ஷ்மிநாராயணா. 1958 கலவரம் அந்தக் குடும்பத்தைச் சென்னைக்கு விரட்டியது. அப்போது அவருடைய மகன் சங்கருக்கு வயது எட்டு. அந்தப் பிள்ளை வளர்ந்து அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அங்கே டொக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பழக வந்த இங்கிலாந்துக் கிற்றார்காரர் ஜோன் மக்லாக்லினைச் சந்தித்தது. தபேலாவுக்கு சாகிர் ஹுசைன், கடத்துக்கு விக்கு விநாயக்ராம், மிருதங்கத்துக்கு ராம்நாட் ராகவன். 1975 ஜூலை 5ஆம் திகதி, நியூயோர்க் மாநிலத்தின் லோங் ஐலண்டில், சவுத்ஹம்ப்டன் கல்லூரி மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசித்தார்கள். அந்தக் கச்சேரிதான் 'சக்தி' என்ற அவர்கள் குழுவின் முதல் இசைத்தட்டு. அதில் மூன்றே உருப்படிகள். அவற்றில் ஒன்று மட்டும் அரை மணிக்குக் கிட்ட.

1978இல் பிரிந்தார்கள். 1997இல் பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் கூடினார்கள். பிறகு ஸ்ரீநிவாஸ் வந்தார், போனார்.

இனி 17ஆவது பகுதி.

*

முதலில் மக்லாக்லின் எங்கேயிருந்து வந்தவர் என்பதை நினைவில் வையுங்கள். இந்த வாரக் கதைக்கு அது வேண்டும்.

எழுபதுகளில் மேற்கே ஒரு கூட்டம், ரொக் பாட்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட வேண்டும் என்ற வழக்கத்தை உடைத்தது. ஒரே உருப்படியை இருபது நிமிஷம் வாசித்தது. நாலு நாலாக நடந்த தாளத்தை ஏழிலும் ஒன்பதிலும் பதினொன்றிலும் நடக்கவிட்டது. அதற்கு 'புரோகிரெசிவ் ரொக்' என்று பெயர் வைத்தார்கள். யெஸ், கிங் கிரிம்சன், ஜெனிசிஸ் என்று குழுக்கள். அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே, ஜாஸ் பக்கமிருந்து வந்து நின்றது மக்லாக்லின் 1971இல் தொடங்கிய மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா. காதைப் பிளக்கும் மின்கிற்றார், இடிபோல ட்ரம்ஸ், நடுவே ஒற்றைப்படைக் கணக்குகள்.

மேற்கே அது புரட்சி. எங்களுக்கு ஏழு என்றால் மிஸ்ர சாபு. திருவிழா இரவுகளில் வீதியில் நின்று கேட்டு வளர்ந்த கணக்கு. 1975 என்றதும் ஈழத்தவனுக்கு இன்னொன்றும் நினைவு வரும். அளவெட்டித் தவில் மேதை தட்சணாமூர்த்தி மறைந்த வருஷம் அது. தோலில் கணக்கைப் பேசவைத்த ஒரு மகா கை இங்கே ஓய்ந்த அதே வருஷத்தில், அந்தக் கணக்கு அமெரிக்கக் கல்லூரி மேடையொன்றில் கிற்றாரோடு பேசத் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது என்பது தெரியும். ஆனாலும் அந்த வருஷத்தை எழுதும்போதெல்லாம் கை ஒரு கணம் நிற்கிறது.

அந்தப் பழைய குழுக்களில் எஞ்சியவை இன்று முதுமையில் இருக்கின்றன. முதுமையில் அவர்கள் அதிகம் வெளியிடுவது மேடைத் தட்டுகள்தான். 2017இல் யெஸ் குழு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் பதிவொன்றை வெளியிட்டது. பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் இருந்த ஓர் அடிக்குறிப்பிலிருந்து 1973இல் அவர்கள் கட்டியெழுப்பிய பெரிய படைப்பின் இரண்டு பகுதிகள் அதில் இருக்கின்றன. ஆனால் தொடக்கம் முதல் ஒரு தட்டுக்கூடத் தவறாமல் வாசித்த கிறிஸ் ஸ்குவையர் அதில் இல்லை. 2015இல் அவர் காலமாகிவிட்டார்.

முதிய குழுக்களின் மேடைத் தட்டை நான் இரண்டு வகையாகக் கேட்கிறேன். ஒன்று, பழைய பாட்டை ஒருதரம் இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போவது. மற்றது, அன்றிரவு அந்த மேடையில் புதிதாக ஏதோ நடந்தது என்பதற்குச் சாட்சி. இரண்டாவது வகை அபூர்வம்.

சக்தி எந்த வகை? அதற்கு முதலில் 2017க்குப் போகவேண்டும்.

*

ஸ்ரீநிவாஸ் போன பிறகு மக்லாக்லினுடைய கையிலும் வினை வந்தது. மூட்டுவாதம். கிற்றார்காரனுக்குக் கையில் மூட்டுவாதம் என்றால் பாடகனுக்குத் தொண்டையில் புண் போல. 2017இல் அமெரிக்காவில் தன் விடைபெறும் சுற்றுப்பயணத்தை நடத்தினார். அதில் ஓர் இரவு சான்பிரான்சிஸ்கோவில், டிசெம்பர் 8. எழுபதுகளில் தான் எழுதிய மகாவிஷ்ணு உருப்படிகளையே அன்று திரும்ப வாசித்தார். அதுவும் மேடைத் தட்டாக வந்தது. அவருக்கு அப்போது 75 வயது. கதை அங்கேயே முடிந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

முடியவில்லை. கை மெல்ல மெல்லத் தேறியது. 2020இல் 'ரிமெம்பர்' என்ற சொல்லைக் கழற்றிவிட்டு, வெறும் 'சக்தி' என்ற பழைய பெயரோடு குழு மீண்டும் எழும்பியது.

இந்தத் தடவை ஐந்து பேர். மக்லாக்லினும் சாகிரும் பழைய ஆட்கள். குரலுக்கு சங்கர் மகாதேவன். 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படப் பாட்டுக்குத் தேசிய விருது வாங்கியவர், உங்களுக்குத் தெரிந்தவர்தான். கஞ்சிராவுக்கும் கடத்துக்கும் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். 'வெண்ணிலா கபடிக்குழு'வுக்கு இசையமைத்ததும் இவரே. வயலினுக்குக் கணேஷ்–குமரேஷ் சகோதரர்களில் மூத்தவரான கணேஷ் ராஜகோபாலன்.

ஆட்கள் சேர்ந்தார்கள். உலகம் கதவைச் சாத்தியது.

கொரோனா.

*

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். இந்த அத்தியாயத்தின் திருப்பம் இதற்குள்தான் இருக்கிறது.

மொனாக்கோவில் மக்லாக்லின். கலிபோர்னியாவில் சாகிர். மும்பையில் மகாதேவன். சென்னையில் செல்வகணேஷ். ஒருவர் தன் வீட்டில் வாசித்துப் பதிந்து அனுப்புவார். மற்றவர் அதைக் காதில் மாட்டிக்கொண்டு தன் பங்கை வாசித்து அடுத்தவருக்கு அனுப்புவார். இப்படித்தான் 'திஸ் மோமென்ற்' என்ற தட்டு உருவானது. 1977க்குப் பிறகு, 46 வருஷம் கழித்து, சக்தியின் பெயரில் வந்த கலையகத் தட்டு அது. 2023 ஜூன் 30இல் வெளியானது. ஸ்ரீநிவாஸின் நினைவுக்கு ஒரு உருப்படியும் அதில் இருக்கிறது.

இப்படிப் பதிவதில் என்ன இழப்பு என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஆதி தாளத்தில் எட்டு அட்சரம். ஒவ்வொன்றையும் நாலாகப் பிரித்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. 'ததிகிணதொம்' என்ற சொல் ஐந்து மாத்திரை. அதை மூன்று தடவை சொல்லி, இடையில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை விட்டால், ஐந்து, இரண்டு, ஐந்து, இரண்டு, ஐந்து. மொத்தம் 19. ஆகவே 13 மாத்திரையை விட்டுவிட்டு 14ஆவதில் எடுத்தால், கடைசித் தொம் 32இல் விழும். அடுத்த அடி சமம். சபை தலையை ஆட்டும்.

கச்சேரியில் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லிக்கொள்வதில்லை. வயலின்காரரின் தோள் கொஞ்சம் உயரும். மிருதங்கக்காரர் அதைக் கடைக்கண்ணால் பார்ப்பார். 14ஆவது மாத்திரையில் இருவரும் ஒன்றாக எடுப்பார்கள். அந்தக் கடைக்கண் பார்வையில்தான் கச்சேரியின் உயிர் கிடக்கிறது. ஒருவர் பார்க்காமல் தவறவிட்டால் மற்றவர் தூக்கிவிடுவார். சில வேளை வேண்டுமென்றே ஒரு மாத்திரை தள்ளி எடுத்து, மற்றவனைச் சிரிக்கவைப்பார்.

பதிந்து அனுப்பிய ஒலிக்கு முகம் இல்லை. போன மாதம் வாசித்தவனை இந்த மாதம் சிரிக்கவைக்க முடியாது. கணக்கு முழுவதையும் முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். அதனால் 'திஸ் மோமென்ற்' கச்சிதமான தட்டு. ஒரு பிசிறு இல்லை. ஒவ்வொரு கோர்வையும் வைத்த இடத்தில் விழுகிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் நள்ளிரவில் தனியே இருந்து கேட்கும்போது, ஐந்து பேர் ஐந்து விளக்கின் கீழ் இருப்பது காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

*

2023 ஜனவரி. தட்டு வெளிவர இன்னும் ஐந்து மாதம். ஐந்து பேரும் இந்தியாவில் ஒரே மேடைக்கு வந்தார்கள். பெங்களூர், மும்பை, கொல்கத்தா, டில்லி. பிறகு கோடையில் ஐரோப்பா. பிறகு அமெரிக்கா. குழு பிறந்து 50 வருஷம் என்று சொல்லிப் புறப்பட்ட பயணம்.

மக்லாக்லினுக்கு 81 வயது. முதல் தட்டில் அவர் மடியில் இருந்தது மின்கிற்றார் அல்ல. ஏப்ரஹாம் வெக்ரர் என்ற கைவினைஞர் அவருக்கென்று செய்த மரக்கிற்றார். மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள். வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதால் தந்தியை ஆழ அழுத்தி இழுத்துக் கமகம் கொண்டுவரலாம் அல்லவா, அந்த வசதி கிற்றாருக்கும் வேண்டும் என்றுதான் குடைந்தது. ஒலித்துளைக்குக் குறுக்கே ஒத்ததிரும் துணைத் தந்திகள் ஏழு. இப்போது முதியவர் கையில் மின்கிற்றார். பள்ளம் குடைந்த மரம் சொல்லிக்கொடுத்ததை விரல் மறக்கவில்லை.

அந்தப் பயணத்தின் பதிவுதான் 'மைண்ட் எக்ஸ்புளோஷன்'. 2025இல் வெளியானது.

இதில் முகங்கள் கேட்கின்றன. மகாதேவன் ஒரு ஸ்வரக் கோவையை வீசுகிறார். கிற்றார் அதைப் பிடித்து, வால் முறித்துத் திருப்பி எறிகிறது. வயலின் நடுவில் புகுந்து பாதியைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. கணக்குத் தப்புமோ என்று நெஞ்சு பதறுகிற இடத்தில் ஐந்து பேரும் சமத்தில் வந்து விழுகிறார்கள். கூட்டம் அலறுகிறது.

தாளக்காரர் இருவர் தனியே நிற்கும் இடங்களை ஒருதரம் காதைக் கிட்ட வைத்துக் கேளுங்கள். கஞ்சிரா ஒரு கையில் பிடிக்கும் சின்ன வாத்தியம். பலா மரவளையத்தில் உடும்புத் தோல். வாசிக்குமுன் விரலால் தண்ணீர் தொட்டுத் தோலின் பின்புறம் தடவுவார்கள். தோல் தளரும், ஒலி கீழே இறங்கும். இடக்கை விரல் விளிம்பை அழுத்த அழுத்த அந்தச் சின்ன வளையம் வயிற்றிலிருந்து முனகும். எதிரே சாகிர் இடப்பக்கத் தபேலாவில் மணிக்கட்டின் அடியைத் தேய்த்து அதே முனகலைத் திருப்பிக் கொடுக்கிறார். விநாயக்ராமோடு 1975இல் தொடங்கிய பேச்சை அவருடைய மகனோடு 2023இல் தொடர்கிறார். அப்பனுக்குச் சொன்ன பதிலைப் பிள்ளைக்குச் சொல்லவில்லை, வேறு பதில் சொல்கிறார். இதனால்தான் இந்தத் தட்டை இரண்டாவது வகையில் வைக்கிறேன். இங்கே யாரும் பழையதை இறக்கிவைத்துவிட்டுப் போகவில்லை.

கலையகத் தட்டுக்கு 2024 பெப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. மேடைத் தட்டு பரிந்துரையோடு நின்றது. எது பெரியது என்று என்னைக் கேட்டால் மேடைத் தட்டைத்தான் காட்டுவேன், யோசிக்கவே மாட்டேன்.

*

ஆனால் அந்தத் தட்டு வெளிவந்தபோது சாகிர் இல்லை.

2024 டிசெம்பர் 15. சான்பிரான்சிஸ்கோ. நுரையீரல் நோய். 73 வயது.

அதனால் 'மைண்ட் எக்ஸ்புளோஷ'னை இன்று முதன்முறை கேட்பவர்களுக்கும் அது நிம்மதியான தட்டாக இருக்காது. மேடையில் கூட்டம் கைதட்டுகிறது, அவர் தலை குனிந்து கும்பிடுவது கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்த உருப்படி தொடங்குகிறது.

நான் இதை முதலில் கேட்டது திருகோணமலையின் டச்சு குடாக் கடற்கரையில், விடியற்காலை. சுவாமிமலைப் பாறை கறுப்பாக நின்றது. மேலே கோணேசர் கோயில் மணி. கடலில் வள்ளங்கள் திரும்பிக்கொண்டிருந்தன. எனக்கு நினைவு வந்தது பெரியப்பாவின் கசெற்.

அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கி வந்த கசெற் ஒன்று எங்கள் வீட்டில் கிடந்தது. சக்தியின் முதல் தட்டிலிருந்து பதிந்தது. அந்தக் காலத்தில் திருமலைக்குப் பாட்டென்றால் எங்கள் பரமேஸ்–கோணேஸ் சகோதரர்களின் தமிழ் பொப், அல்லது கோயில் நாகசுவரம். இந்தக் கசெற் இரண்டிலும் சேராது. முதல்தரம் போட்டபோது, திண்ணையில் கிடந்த அம்மம்மா எழும்பிக் கேட்டா: "உது எந்தக் கோயில் மேளம் தம்பி?"

வெள்ளைக்காரர் ஒருவர் வாசிப்பது என்று பெரியப்பா சொன்னார். அம்மம்மா நம்பவில்லை. வயலின் வந்ததும், "இந்தப் பிடி எங்கட ஆக்களின்ர பிடி" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டா.

வயலின்காரப் பிள்ளை யாழ்ப்பாணத்தில் வளர்ந்தது என்று அன்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கே தெரிய இருபது வருஷம் ஆனது. இந்தத் தொடரை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

பாறையின் அந்தப் பக்கம் இராவணன் வெட்டு. தன் தலையையும் கை நரம்பையும் வாத்தியமாக்கிப் பாடி ஈசனை இளக்கினான் என்று அவனைப் பற்றி ஊரில் சொல்லாதவர் இல்லை. ராஜஸ்தானில் சிரட்டையில் தந்தி கட்டி வில்லால் இழுக்கும் வாத்தியம் ஒன்று உண்டு. அதற்கு ராவணஹத்தா என்றே பெயர். இலங்கையிலிருந்து போன வாத்தியம் என்பது அவர்கள் நம்பிக்கை. ஐதிகம் ஐதிகமாகவே இருக்கட்டும். இந்தத் தீவிலிருந்து வில் ஒன்று கடல் கடந்தது என்பதற்கு 1958 கண் முன்னால் நிற்கும் சாட்சி.

*

ஒன்றை நான் வேண்டுமென்றே தாண்டி வந்தேன். கவனித்திருப்பீர்கள்.

1975 மேடையில் வயலின் பிடித்தவர் எல். சங்கர். 2023 மேடையில் வயலின் பிடித்தவர் கணேஷ். நடுவே 1997இல் குழு மீண்டும் கூடியபோது அந்த இடத்தில் வயலினே இல்லை. ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழல் இருந்தது. சங்கர் அப்போது வாசிப்பை விட்டிருந்தாரா என்றால், இல்லை. பத்துத் தந்தி இரட்டை வயலின் ஒன்றை உருவாக்கி, ஜெனிசிஸ் குழுவின் பழைய பாடகர் பீற்றர் கேப்ரியலோடு உலக மேடைகளில் வாசித்து, 1993இல் இத்தாலியின் மொடேனா நகரில் பதிந்த கச்சேரித் தட்டிலும் இருந்தவர். உலகமே கேட்ட அந்த வில்லை, அதைப் பெற்ற குழு ஏன் தன் பக்கத்தில் உட்காரவைக்கவில்லை?

அடுத்த வாரம் 1978க்கும் 1997க்கும் இடையில் நுழைவோம்.

அதற்கு முன் உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1958க்கு முன் யாழ்ப்பாணத்தில் லக்ஷ்மிநாராயணாவிடம் வயலின் கற்றவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், திருமலையிலும் இருக்கக்கூடும். ஒரு புகைப்படம், ஒரு கச்சேரி அழைப்பிதழ், கையெழுத்தில் ஸ்வரம் எழுதிய ஒரு கொப்பி, எது இருந்தாலும் எழுதி அறிவியுங்கள். நேரில் வந்து பார்க்கிறேன்.

(தொடரும்)